கழிவு

கிரானைட் குழியில் தேங்கிய பச்சைத் தண்ணீரில்
ஒருவனைத் தள்ளிக் கொன்றேன்.
எட்டாம் அத்தியாயம்.
இரண்டு இரவு பிடித்தது.
முதல் இரவு, பாழாய்ப் போனவன்,
நீச்சல் தெரிந்தவனாக இருந்துவிட்டான்.

புத்தகம் வந்த ஞாயிறு
எலத்தகிரிக் கோயில் வாசலிலிருந்து
ஸ்கூட்டி வரை கூடவே வந்தார்
பங்குப் பேரவைத் தொம்மையப்பன்.
"பாடற் குழுவுல நிக்கிற பொண்ணு.
பொணம் மூணாம் நாள்தான் மேல வரும்னு
உனக்கு எப்படிம்மா தெரியும்?"
மூன்றாம் நாள் என்றதும்
அவரே ஒரு கணம் வாயை மூடிக்கொண்டார்.
பிறகு,
"அந்தோணியார் புதுமை எழுதேன்,
அச்சுக்கூலி நான் தர்றேன்."

என்னிடம் பதில் இருந்தது.
வேதம் திறந்து நாலு தாள் புரட்டினால்
வயலில் ஒரு பிணம், ஐயா.
கொலைக்கான கடிதத்தைக்
கொல்லப்படப் போகிறவன் கையிலேயே
கொடுத்தனுப்பினான் ஒரு ராஜா.
என் சதியெல்லாம் அதன் கால்தூசி.
அந்த ராஜாவின் சங்கீதத்தைத்தானே
காலைப் பூசையில்
பதிலுரையாகப் பாடினோம்,
நீங்கள் ஆர்மோனியம்.

சொன்னேன்.
சொன்ன விதம் எனக்கே பிடித்திருந்தது.
வீடு வந்து ஹெல்மெட்டைக் கழற்றும்போது
அதுதான் உறுத்தியது.

தவக்காலம். வெளியூர்ச் சாமியார், கடும் சளி.
பாவசங்கீர்த்தன வரிசையில்
எனக்கு முன்னால் ஒன்பது பேர்.
மனதுக்குள் எழுதித் திருத்திக்கொண்டிருந்தேன்:
கதையில் ஒருவனைக் கொன்றேன் சாமி,
கொன்றவன்மேல் எனக்குப் பிரியமும் உண்டு,
தள்ளுவதற்கு முன் அவனுக்கு
ஒரு பீடி பற்றவைத்துக் கொடுக்க வைத்தேன்,
இது பாவமா?
நல்ல கேள்வி. அரங்கில் கேட்கலாம்.

முழங்காலிட்டதும்
வாயில் வந்தது வேறு.

பர்கூர் ரோட்டில் மாம்பழக்கூழ் கம்பெனி.
எடைமேடைச் சன்னலுக்குப் பின்னால் நான்.
மே, ஜூன், ஜூலை.
ஈ, புளித்த வாசம், டிராக்டர் வரிசை.
பெங்களூரா லோடு ஒவ்வொன்றுக்கும்
நாற்பது கிலோ குறைத்து அடி என்றார் மேனேஜர்.
அடித்தேன்.
அதற்கு ஒரு பெயர்கூட இருந்தது, கழிவு.
காம்பு, தழை, அழுகல் என்று விளக்கமும்.
அழுகலுக்குத் தனியாக
முன்பே பிடித்தாயிற்று என்பது எனக்குத் தெரியும்.

வேப்பனப்பள்ளி முனிரத்தினம்
ரசீதைக் கண்ணருகே, பிறகு தூரத்தில்
வைத்துப் பார்த்தார்.
"அந்தேனா அம்மா?" என்றார்.
எனக்கு அவ்வளவு தெலுங்கு தெரியும்.
"அந்தே" என்றேன்.
அன்று அவருக்கு எது குறைந்தது,
டீசலா, கூலியா,
யாருக்காவது வாங்க நினைத்த செருப்பா?
தெரியாது.
கதையில் என்றால்
தெரிந்துகொள்ளாமல் விட்டிருக்க மாட்டேன்.

சாமியார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்:
"எத்தனை தடவை?"
"கம்ப்யூட்டர்ல இருக்கும் சாமி."
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"திருப்பிக் கொடுக்க வழி இருக்கா?"

பதினோரு நாவல் எழுதியிருக்கிறேன்.
எந்த இன்ஸ்பெக்டரும்
இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

இப்போது எழுதுவதில்
பிணம் கிடையாது.
ஒரு சன்னல், ஒரு பெண்,
நாற்பது என்று தட்டும் விரல்.
பதிப்பாளர் போனில் கேட்கிறார்,
"கொலை எந்தப் பக்கத்துல வருது?"
ஒவ்வொரு ராத்திரியும்
அவளைக் குழியின் விளிம்புவரை கூட்டிப்போகிறேன்.
தள்ளுகிறேன்.
முதல் வரியிலேயே நீந்திக் கரையேறி,
ஈரத் தலையோடு,
முனிரத்தினத்துக்கு வீட்டில் எத்தனை பேர்
என்று என்னைக் கேட்கிறாள்.

மா பூத்தது இந்த வருடம் பிந்தி.
முதல் லோடு வர
இன்னும் ஏழு வாரம்.